2 கிலோ மீனுக்கு 9 கிலோ ராடு முறிவது எப்படி?

கல் மேலே நின்றுகொண்டு பத்து நிமிடம் போராடி, கொடுவாவைக் காலடி வரை கொண்டுவந்தாகிவிட்டது. மீன் களைத்துப்போய்ப் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கிறது, வயிறு வெள்ளையாகத் தெரிகிறது. இனி என்ன, தூக்க வேண்டியதுதானே என்று தூண்டில் ராடைத் தலைக்கு மேல் நிமிர்த்திப் பின்னால் சாய்க்கும்போது பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். நுனியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ராடு இரண்டாகிவிட்டது. முறிந்த துண்டு லைன் (தூண்டில் நரம்பு) வழியே வழுக்கிக்கொண்டு மீனிடமே போய்ச் சேர்கிறது.

மீன் 2 கிலோதான். ராடில் 20 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 9 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. அப்புறம் எப்படி முறிந்தது? பக்கத்தில் நிற்பவர் உடனே சொல்வது "டூப்ளிகேட் மால்" என்றுதான். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் இந்த மாதிரி, மீன் கைக்கெட்டும் தூரத்தில் வந்தபிறகு நுனிப்பக்கம் முறிவதற்குப் பெரும்பாலும் மீனின் எடை காரணமில்லை, கம்பெனியும் காரணமில்லை. அந்த நொடியில் ராடைப் பிடித்திருந்த கோணம்தான் காரணம்.

முதலில் சில சொற்கள்

கைப்பிடி, லைனைச் சுற்றும் ரீல், வளையம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் மிஞ்சுகிற வெறும் குழாய் பிளாங்க். கைப்பிடியை ஒட்டிய தடித்த பாகம் பட். மெல்லிய கடைசிப் பாகம் டிப், அதாவது நுனி. லைன் ஓடும் வளையங்கள் கைடு. மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்குதான் டிராக். தூண்டிலுக்கு முன்னால் கட்டுகிற தடித்த நரம்புத் துண்டு லீடர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

பழக்கம் மூங்கிலுடையது, கையில் இருப்பது கார்பன்

நம்மில் பலர் முதலில் பிடித்தது ரீல் இல்லாத மூங்கில் கம்பு. நுனியில் நரம்பு கட்டி, தக்கை போட்டு, மண்புழுவைக் கோத்துக் குளத்தில் போடுவது. தக்கை அமிழ்ந்ததும் கம்பைச் சுண்டி மேலே தூக்கினால் கெண்டையோ ஜிலேபியோ தலைக்கு மேல் பறந்து பின்னால் புல்லில் விழும். அந்தக் கம்பின் வேலையே தூக்குவதுதான். மீனும் சின்னது, நரம்பும் மெல்லியது, அளவு மீறினால் முதலில் போவது நரம்பு. கம்பு முறிய வந்தாலும் மூங்கில் திடீரென்று போகாது. நார் நாராகக் கிழியும், 'கிறீச்' என்று ஒரு எச்சரிக்கை கொடுக்கும்.

ரீல் வைத்த ராடு வேறு சாதி. இதில் மீனை இழுத்து வருவது ரீலின் வேலை, மீன் ஓடும்போது விட்டுக்கொடுப்பது டிராக்கின் வேலை. நடுவில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங்தான் ராடு. அதைத் தூக்குக்கம்பாகப் பயன்படுத்தும் பழக்கம் குளத்தங்கரையிலிருந்து நம் கையோடு வந்துவிட்டது. மீன் கிட்டே வந்ததும் கை தானாக மேலே போகும். கவனித்துப் பாருங்கள்.

குழாய்க்குள் என்ன இருக்கிறது

கார்பன் இழைகளை எப்பாக்ஸி பிசினில் தோய்த்த மெல்லிய தாளை, கூம்பாகக் குறுகும் ஒரு இரும்புக் கம்பியின் மேல் சுருட்டி, சூளையில் சுட்டு இறுக்கிவிட்டு, கம்பியை உருவிவிட்டால் பிளாங்க் தயார். உள்ளே வெற்றிடம்தான். சுவரின் தடிமன் நுனிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

கார்பன் இழை எஃகைவிட வலுவானது என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த வலு நீளவாக்கில் இழுக்கும்போதுதான். அதோடு, கார்பன் இழை அதிகமாக நீளாது. தன் நீளத்தில் ஏறக்குறைய 1.5 முதல் 2 சதவீதம் நீண்டதும் அறுந்துவிடும். கண்ணாடி இழை 4 சதவீதத்துக்கு மேலும் தாங்கும். பழைய கண்ணாடி இழை ராடுகளை வட்டமாக வளைத்தாலும் ஒன்றும் ஆகாததற்கு இதுதான் காரணம். அவை கனமானவை, தொளதொள என்று இருக்கும், ஆனால் மன்னிக்கும். கார்பன் லேசானது, மீன் முகர்ந்தால்கூடக் கையில் தெரியும், ஆனால் எல்லையைத் தாண்டினால் முன்னறிவிப்பு கிடையாது.

வளைக்கும்போது குழாயின் வெளிப்பக்க இழைகள் இழுபடுகின்றன, உள்பக்க இழைகள் நசுங்குகின்றன. அதோடு வட்டமான குழாய் மெல்ல முட்டை வடிவத்துக்குச் சப்பையாகத் தொடங்கும். ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவை வளைத்தால் ஓர் இடத்தில் திடீரென்று மடங்குமே, அதே கதை. ஸ்ட்ரா மடங்கும், கார்பன் உடையும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். விளம்பரத்தில் 24 டன், 30 டன், 40 டன் கார்பன் என்று போடுகிறார்கள். அது ராடு தாங்கும் எடை அல்ல, இழையின் விறைப்பைக் குறிக்கும் எண், அவ்வளவுதான். எண் கூடினால் குறைந்த இழையிலேயே அதே விறைப்பு கிடைக்கும், ராடு லேசாகும், சுவரும் மெல்லியதாகும். அதனால் 40 டன் ராடு 24 டன் ராடைவிடப் பலசாலி என்று நினைத்து முரட்டுத்தனமாக இழுப்பவர் காசையும் அதிகம் கொடுத்து ராடையும் சீக்கிரம் இழப்பார். அந்த 20 பவுண்டு என்பதும் தூக்கும் எடை அல்ல. எந்த வலிமை லைனுக்கு இந்த ராடு பொருந்தும் என்பதற்கான குறிப்பு, அதுவும் டிராக்கைச் சரியாக வைத்து, சரியான கோணத்தில் பிடித்தால்.

கோணக் கணக்கு

ராடின் ஏதாவது ஓர் இடத்தில் எவ்வளவு வளைப்பு விழுகிறது என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, லைனின் இழுவை. இன்னொன்று, லைன் போகும் நேர்கோட்டிலிருந்து அந்த இடம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. இரண்டையும் பெருக்க வேண்டும். நெம்புகோல் கணக்குதான், பள்ளிக்கூடத்தில் படித்தது.

இனி, கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் திசைக்கும் லைன் போகும் திசைக்கும் நடுவே உள்ள கோணத்தைப் பாருங்கள். ராடை நேராக மீனை நோக்கி நீட்டினால் 0 டிகிரி, லைனுக்குச் செங்குத்தாகப் பிடித்தால் 90. மூன்று நிலைகள்:

1. 0 டிகிரியை ஒட்டி. ராடு வளையவே இல்லை. முழு இழுவையும் ரீலுக்கும் லைனுக்கும் போகிறது. ராடு முறியாது, ஆனால் அதிர்ச்சி தாங்க ஸ்பிரிங் இல்லாததால் லைன் அறும், இல்லையென்றால் மீனின் வாய் கிழியும்.

2. 45 முதல் 90 டிகிரி வரை. நுனி லைன் போகும் திசைக்கே திரும்பிக்கொள்ளும். அதனால் மெல்லிய நுனிக்கு லைனிலிருந்து விலகல் மிகக் குறைவு. விலகல் அதிகம் இருப்பது தடித்த பட்டுக்குத்தான். பாரம் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுகிறது.

3. 90ஐத் தாண்டி 120, 150. இப்போது லைன் நுனியிலிருந்து கைப்பிடிப் பக்கமாகத் திரும்பி வருகிறது. ராடு குடைப்பிடி மாதிரி தலைகீழாக மடிகிறது. லைன் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் பட்டுக்கு வேலை குறைந்துவிட்டது, மொத்த வளைப்பும் மேல்பக்கம் குறுகிய வளைவில் குவிகிறது.

உத்தேசமாக எண் போட்டுப் பார்ப்போம். இழுவை 2.5 கிலோ. இரண்டாவது நிலையில், நுனிப்பக்கம் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடம் லைன் கோட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது என்று வைத்தால் பெருக்கல் 12.5. மூன்றாவது நிலையில் அதே இடம் 25 சென்டிமீட்டர் விலகுகிறது, பெருக்கல் 62.5. மீன் மாறவில்லை, டிராக் மாறவில்லை, ஆனால் அந்த மெல்லிய இடத்தில் பாரம் ஐந்து மடங்கு. சுவர்த் தடிமன் ஒன்றாகவே இருந்தாலும் 3 மில்லிமீட்டர் குழாய் தாங்குவது 12 மில்லிமீட்டர் குழாய் தாங்குவதில் பதினாறில் ஒரு பங்குதான். நுனியில் சுவரும் மெல்லியது என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு.

பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. கையை அசைக்காமலே இந்தக் கோணம் மாறும். மீன் 40 மீட்டர் தள்ளி இருக்கும்போது லைன் ஏறக்குறைய கிடையாகப் போகிறது. ராடைக் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி நிமிர்த்திப் பிடித்திருந்தால் கோணம் 60தான், பிரச்சினையில்லை. அதே ராடை அதே மாதிரி பிடித்துக்கொண்டே மீனைக் காலடிக்குக் கொண்டுவந்துவிட்டால் லைன் செங்குத்தாகக் கீழே போகும், கோணம் 150 ஆகிவிட்டது. "நான் ஒண்ணுமே பண்ணலையே, சும்மா பிடிச்சிட்டுதான் இருந்தேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்ததுதான் தப்பு. மீன் கிட்ட வர வர ராடு தாழ்ந்துகொண்டே வர வேண்டும்.

படகில் இருந்து ஜிக் (கனமான உலோகப் போலி இரை) போடுபவர்களுக்கு மீன் எப்போதுமே நேர் கீழே. அங்கே ராடு கிடையாக இருந்தாலே 90 வந்துவிட்டது. கிடைமட்டத்துக்குமேல் கொஞ்சம் தூக்கலாம், தோளுக்குமேல் தூக்கினால் ஆபத்து. களவா மீன் பாறை இடுக்குக்குள் ஓடிவிடுமே என்ற பதற்றத்தில்தான் பெரும்பாலும் இந்தத் தூக்கு நடக்கிறது.

காலடிக்கு வந்த மீனை ஏற்றுவது

கடல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிக் கட்டுவதற்கு நம் ஊரில் தூண்டில் வளைவு என்றே பெயர். தூண்டில் போடுவதற்காகக் கட்டியதல்ல, ஆனாலும் தூண்டில்காரர்கள் நிற்பது அங்கேதான். நிற்கும் கல் தண்ணீரிலிருந்து 2, 3 மீட்டர் உயரத்தில் இருக்கும், பின்னால் நகர இடமிருக்காது, மீன் வந்து சேர்வது நேர் காலடிக்கு. ராடு முறிவதற்கு என்றே அமைத்துக் கொடுத்த மாதிரி இடம்.

தண்ணீருக்குள் மீனுக்கு ஏறக்குறைய எடையே இல்லை. 3 கிலோ பாறை மீனை நீங்கள் தண்ணீரில் இழுக்கும்போது எதிர்ப்பது அதன் நீச்சல்தான், எடையல்ல. தண்ணீரைவிட்டு வெளியே வந்த கணத்தில் 3 கிலோவும் நுனியில் தொங்கும். அந்தரத்தில் ஒரு துள்ளு துள்ளினால் அதற்கு மேலும் ஏறும். டிராக் 2.5 கிலோவில் வைத்திருந்தால் லைன் ஓடி ராடைக் காப்பாற்றியிருக்கும், ஆனால் தூக்கும் ஆசையில் ஸ்பூலை, அதாவது ரீலில் லைன் சுற்றியிருக்கும் உருளையை, கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்வோம். அப்புறம் என்ன மிஞ்சும்?

செய்ய வேண்டியது இது:

1. மீன் களைக்கும்வரை மேலே கொண்டுவர அவசரப்படக் கூடாது. நுனிக்கும் மீனுக்கும் நடுவே குறைந்தது ஒரு ராடு நீளத்துக்கு லைன் இருக்கட்டும். நுனிவரை சுற்றி ஏற்றிவிட்டால் கோணத்தைக் குறைக்க இடமே இல்லாமல் போகும்.

2. ராடை மேலே அல்ல, பக்கவாட்டில் தாழ்த்தி இழுத்து மீனைத் திருப்ப வேண்டும்.

3. கூட ஆள் இருந்தால் நீளக் கைப்பிடி வலை. மீனை வலைக்குக் கொண்டுவருவதுதான் ராடு பிடித்தவர் வேலை, வலைக்காரர் மீனைத் துரத்துவது அல்ல.

4. தனி ஆளாக இருந்தால் அலை ஏறும் நேரம் பார்த்துத் தாழ்வான கல்மேல் மீனை ஒதுக்க வேண்டும். அலை இறங்கும்போது இழுத்தால் தண்ணீரும் சேர்ந்து எதிர்ப்பக்கம் இழுக்கும். மீன் கல்லில் ஒதுங்கியதும் ராடைத் தாழ்த்தி, ரீலின் லைனைத் தளர்த்திவிட்டு, லீடரைக் கையால் பிடித்து ஏற்றலாம். கையுறை போட்டுக்கொள்வது நல்லது, லீடரை விரலில் சுற்றக் கூடாது. பாசி படிந்த கல்லில் இறங்குவதென்றால் மீன் போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுவதுதான் சரி.

இதிலேயே சேரும் இன்னொரு பழக்கம், பாரம் அதிகமாகும்போது இடது கையை முன்பிடியைத் தாண்டி வெறும் பிளாங்கில் வைத்துத் தாங்குவது. இப்படிச் செய்தால் நெம்புகோலின் ஆதாரம் மேலே நகர்ந்துவிடுகிறது, கைக்குக் கீழே இருக்கும் பலமான பாகத்துக்கு வேலை இல்லாமல் போய், கை வைத்த இடத்திலேயே முறியும். போட்டோ எடுக்கும் ஆசையிலும் இது நடக்கும்.

டிராக்கும் லைனும்

டிராக்கை வைக்க வேண்டிய அளவு லைனின் வலிமையில் நாலில் ஒரு பங்கு, அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு. 20 பவுண்டு லைனுக்கு 2.3 முதல் 3 கிலோ வரை. கையால் இழுத்துப் பார்த்து "டைட்டா இருக்கு" என்று சொல்வதை நம்ப வேண்டாம். லைன் முனையை ஒரு கொக்கித் தராசில் கட்டி, ராடை வளைக்காமல் நேராக இழுத்தால் லைன் ஓடத் தொடங்கும் எண் தெரிந்துவிடும். ஒருமுறை பார்த்துவிட்டால் கை அதை நினைவு வைத்துக்கொள்ளும்.

பிரெய்டு லைன் (மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்தது) வந்தபிறகு முறிவுகள் வேறு மாதிரியும் வரத் தொடங்கின. நைலான் நரம்பு நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், கடைசியில் அதுவே அறுந்து ராடைக் காப்பாற்றும். பிரெய்டு நீளாது, பல நேரம் அட்டையில் போட்டிருப்பதைவிட அதிகமாகவும் தாங்கும். 20 பவுண்டு ராடில் 50 பவுண்டு பிரெய்டு போட்டு டிராக்கையும் பூட்டிவிட்டால் மொத்த அமைப்பிலும் பலவீனமான பொருள் எது? ராடுதான். ஆகாயத்தாமரைக்குள் விரால் பிடிப்பவர்கள் டிராக்கைப் பூட்டத்தான் வேண்டும், விட்டால் மீன் வேருக்குள் போய்விடும். ஆனால் அவர்கள் வைத்திருப்பது அதற்கென்று உள்ள தடித்த ராடு. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மெல்லிய ராடில் அதே வேலையைச் செய்யக் கூடாது.

கல்லில் மாட்டினால்

ஜிக் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டால் ராடை வளைத்து வெடுக் வெடுக்கென்று இழுப்பது இயல்பாக வருகிற காரியம், மிக மோசமான காரியமும்கூட. மீனாவது விட்டுக்கொடுக்கும், கல் விட்டுக்கொடுக்காது. முதலில் லைனைத் தளர்த்திவிட்டு நுனியை லேசாக ஆட்டிப் பாருங்கள், இரண்டடி இடம் மாறி வேறு திசையிலிருந்தும் பாருங்கள். வரவில்லையென்றால் ராடை நேராக மாட்டிய இடத்தை நோக்கி நீட்டி, 0 டிகிரி, ஸ்பூலை அமுக்கிக்கொண்டு மெல்லப் பின்னால் நடக்க வேண்டும். பிரெய்டாக இருந்தால் லைனை ஒரு குச்சியில் நாலு சுற்று சுற்றிக் குச்சியைப் பிடித்து இழுக்கலாம், கையில் சுற்றினால் சதையை அறுக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், விடுபட்ட ஜிக் தோட்டா மாதிரி திரும்பி வரும்.

மீனே இல்லாமல் முறிவது

இது தண்ணீருக்குப் போகும் முன்பே நடந்துவிடுகிற வகை.

1. சீலிங் ஃபேன். புது ராடு வந்த சந்தோஷத்தில் ஹாலில் நின்று மாட்டிப் பார்ப்பது. 7 அடி ராடைக் கையில் நிமிர்த்தினால் நுனி எங்கே போகும் என்று யோசிக்கவே தோன்றாது.

2. கார் கதவு, டிக்கி. பைக்கில் போனால் மரக்கிளை. ராடை வெறுமனே கட்டிக்கொண்டு போகாமல் ஒரு பி.வி.சி. குழாயை அளவாக வெட்டி இரண்டு பக்கமும் மூடி போட்டுக்கொண்டால் அற்புதமான உறை.

3. அடிபட்ட காயம். இதுதான் பெரிய ஏமாற்றுக்காரன். தொங்கவிட்ட ஜிக்கோ ஈயக்குண்டோ வண்டி ஓடும்போது பிளாங்கில் டக் டக் என்று தட்டும், ராடு கல்லில் சரிந்து விழும். மேல் பெயின்டில் ஒரு புள்ளி மட்டும் தெரியும், உள்ளே இழைகள் அறுந்திருக்கும். அன்றைக்கு முறியாது. ஒரு மாதம் கழித்து அரைக்கிலோ மீனுக்கு முறியும், பழி மீனின்மேல் விழும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை மெல்லிய துணியால் பிளாங்கை உருவித் துடைத்தால் துணியில் நூல் மாட்டும் இடத்தைச் சந்தேகப்படலாம்.

4. நுனி வளையத்தில் லைன் சுற்றிக்கொண்டது தெரியாமல் வீசுவது. ஈயத்தின் மொத்த வேகமும் நுனியில் வந்து நிற்கும். இருட்டில் வீசுபவர்கள் ஒவ்வொரு தடவையும் விரலால் லைனை ஆட்டிப் பார்த்துவிட்டு வீசலாம். சுற்றியிருந்தால் ராடைத் தரையில் படுக்கவைத்துவிட்டு அவிழ்க்க வேண்டும், நுனியைக் கைக்கு எட்டும்படி வளைத்து அல்ல.

5. தளர்ந்த ஜாயின்ட். இரண்டு துண்டு ராடில் வீச வீச மேல் துண்டு மெல்லக் கழன்று வரும். கொஞ்சமாகச் செருகியிருந்தால் வாங்கும் பக்கத்தின் விளிம்பு பிளக்கும். அரைமணிக்கு ஒருமுறை கை வைத்துப் பார்ப்பது போதும். ரொம்பத் தளர்வாக இருந்தால் உள்ளே போகும் பாகத்தில் மெழுகுவத்தியை லேசாகத் தேய்க்கலாம். இறுகிவிட்டால் கைடைப் பிடித்துத் திருகக் கூடாது, கைடு கையோடு வந்துவிடும்.

6. மடக்கும் ராடு. ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதால் பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். வாளை உருவுவது மாதிரி வீசித் திறக்கிறார்கள், அந்த அடி ஒவ்வொரு மூட்டிலும் விழுகிறது. நுனித் துண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இழுத்துத் திறக்க வேண்டும், மடக்கும்போது தடித்த துண்டிலிருந்து. மணல் போனால் முதலில் கழுவிவிட்டுத்தான் மடக்க வேண்டும்.

7. கடையில் நுனியைக் கையால் பிடித்து வளைத்துப் பார்ப்பது. மேலே சொன்ன மூன்றாவது நிலைதான் இது, மீன் இல்லாமல்.

முறிவோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிக்கரையில் தாழத் தொங்கும் மின்கம்பிக்குக் கீழேயும் இடி இடிக்கும்போதும் ராடை நிமிர்த்தாதீர்கள்.

முறிந்த இடத்தை வைத்துக் காரணம் சொல்வது

நூற்றுக்கு நூறு சரியாக வராது, ஆனால் பெரும்பாலும் பொருந்தும். நுனியிலிருந்து ஒன்றரை அடிக்குள் என்றால் ராடை அதிகம் நிமிர்த்தியது, கதவு, நுனியில் லைன் சுற்றியது, இந்த மூன்றில் ஒன்று. ஜாயின்டில் நீளவாக்கில் பிளந்திருந்தால் தளர்ந்திருக்கிறது. நடுவில் என்றால் பழைய அடி, அல்லது பிளாங்கில் கை வைத்தது. கைப்பிடிக்குச் சற்று மேலே, அதுவும் புது ராடு, டிராக்கும் கோணமும் சரியாக இருந்தும் முறிந்தது என்றால் அப்போதுதான் தயாரிப்புக் கோளாறு என்று கடைக்காரரிடம் தைரியமாகப் பேசலாம். இரண்டு துண்டுகளையும் ஒட்டாமல், வெட்டாமல் அப்படியே எடுத்துப் போங்கள்.

நுனியில் நாலைந்து அங்குலம் மட்டும் போயிருந்தால் ராடைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, இப்போதைய தடிமனுக்குப் பொருந்தும் நுனி வளையம் ஒன்றை வாங்கி, கீழே உள்ள கைடுகளோடு நேர்கோட்டில் வைத்துச் சூட்டுப் பசையால் ஒட்டிவிடலாம். எப்பாக்ஸி வேண்டாம், அடுத்த தடவை கழற்ற முடியாமல் போகும். ராடு முன்பைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், லேசான லூர் (போலி இரை) அவ்வளவு தூரம் போகாது, ஈயம் போட்டு அடியில் பிடிக்கத் தாராளமாகப் போதும்.